ஏர்வாடிக் கரையும் பல்கலைக்கழக வாசலும்: மாணவர்களின் சிக்கனப் பயண வழிகள் – ஒரு வரலாறு

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில், கீழக்கரைக்கு மேற்கே அமைந்துள்ள ஊர் ஏர்வாடி. சுல்தான் செய்யது இப்ராஹீம் ஷஹீத் தர்காவால் நாடறிந்த தலம். திருநெல்வேலி மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு என்பதால், பேருந்துப் பலகைகளில் இதனை 'ஏர்வாடி தர்கா' என்றே எழுதுவது வழக்கம். இவ்வூரில் தொடர்வண்டி நிலையம் இல்லை. அருகிலுள்ள நிலையம் ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் இராமநாதபுரத்தில் இருக்கிறது. விமானத்தில் வருவோருக்கு மதுரை, திருச்சிராப்பள்ளி, சென்னை ஆகிய மூன்று நிலையங்கள் முதன்மை வாயில்கள்.

இக்கரையிலிருந்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவர்களும், கடல் கடந்த ஊர்களிலிருந்து தமிழ்நாட்டுக்குப் படிக்க வரும் மாணவர்களும் குறைந்த செலவில் பல்கலைக்கழகத்தை அடைவது எப்படி என்பது இன்று எழுந்த கேள்வி அன்று. தோணித் துறையிலும் கப்பல் துறையிலும் தொடர்வண்டி மேடையிலும் கேட்கப்பட்ட கேள்வியே இப்போது விமான நிலைய வாசலில் கேட்கப்படுகிறது. இந்த நெடிய வரலாற்றில் ஒரு செய்தி திரும்பத் திரும்பக் காணக் கிடைக்கிறது. மாணவர்களுக்கென்றே போடப்பட்ட வழி ஏறத்தாழ எதுவுமில்லை. யாத்திரிகருக்காகவும் தபாலுக்காகவும் தோட்டத் தொழிலாளருக்காகவும் போடப்பட்ட வழிகளில் மாணவர்கள் ஏறிக்கொண்டார்கள். அவ்வழிகள் அறுந்தபோது மிகுதியாகத் துன்புற்றவர்கள் கையில் காசு குறைந்த மாணவர்களே.

தோணியும் சத்திரமும்

தொடர்வண்டி வருவதற்கு முன் இக்கரையின் பெருவழி சேதுப் பாதை. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காகச் சேதுபதி மன்னர்களும் பிறரும் வழியெங்கும் சத்திரங்களை அமைத்தனர். பரமக்குடிக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையிலுள்ள சத்திரக்குடி என்னும் ஊர்ப்பெயர் அந்த வழக்கத்தை இன்றும் நினைவூட்டுகிறது. தங்கும் செலவும் உணவுச் செலவும் இல்லாமல் போவதே அக்காலத்தில் சிக்கனப் பயணம். வண்டிக்கூலி கொடுக்க இயலாதவர் நடந்தார். நடப்பவருக்குச் சத்திரம் துணைநின்றது.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குக் கல்வி தேடி வந்தவர்களின் பயணம் பாய்க்கப்பலில் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் முதல் பட்டதாரிகளாக அறியப்படும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் கல்விக்கழகத்தில் பயின்றவர்கள். தமிழ்நாட்டின் மிகப் பழைய பல்கலைக்கழகம் தன் தொடக்க நாளிலேயே கடல் கடந்து வந்த மாணவர்களைக் கண்டது என்பது குறிப்பிடத்தக்கது. ஆயினும் அந்நாளில் காற்றையும் பருவத்தையும் நம்பியே பயணநாளைக் குறிக்க வேண்டியிருந்தது. வசதியுள்ள குடும்பத்தார்க்கும், சமயச் சங்கங்களின் ஆதரவு பெற்றவர்க்கும் மட்டுமே அது பெரும்பாலும் வாய்த்தது.

இருப்புப் பாதையும் போட் மெயிலும்

1902-ஆம் ஆண்டு மதுரையிலிருந்து மண்டபம் வரை இருப்புப் பாதை திறக்கப்பட்டது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தொடர்வண்டி கடலைத் தாண்டித் தனுஷ்கோடி வரை சென்றது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுடைய அப்பாலத்தின் நடுப்பகுதி, கப்பல்களுக்கு வழிவிடும் வகையில் இரண்டு பக்கமும் மேலெழும்பும் அமைப்புடையது.

அதே ஆண்டில் இலங்கைப் பக்கம் தலைமன்னார் வரை இருப்புப் பாதை போடப்பட்டது. சென்னை எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ஏறத்தாழ 35 கி.மீ. கடலைக் கப்பலில் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் தொடர்வண்டி ஏறிக் கொழும்புக் கோட்டை நிலையம் சேரலாம். இந்தத் தொடர் பயணத்தையே மக்கள் 'போட் மெயில்' என்று அழைத்தனர். பிற்காலத்தில் இர்வின், கோசன் ஆகிய கப்பல்கள் இத்துறையில் ஓடின. அதற்கு முன்பு சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை தொடர்வண்டியில் சென்று, அங்கிருந்து கொழும்புக்கு நெடுந்தொலைவு கப்பலில் போக வேண்டியிருந்தது. புதிய வழி கடற்பயணத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கிவிட்டது.

இவ்வழி மாணவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டதன்று. இலங்கையின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுசெல்வதும், தபால்களை விரைவாகச் சேர்ப்பதும் இதன் முதன்மைப் பயன்கள். தோட்டங்களுக்குச் செல்வோரைத் தங்கவைத்து மருத்துவச் சோதனை செய்வதற்காக மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு முகாமை நடத்தியது. ஆட்கள் திரளாகச் சென்றதால் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் இருந்தன. அந்தப் பெட்டிகள் இருந்ததால், நடுத்தரக் குடும்பத்து மாணவரும் கடல் தாண்டிப் படிக்கப் போவதை எண்ணிப் பார்க்க முடிந்தது.

1929-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இலங்கையில் முழுமையான பல்கலைக்கழகம் 1942-ஆம் ஆண்டுதான் அமைந்தது. இடைப்பட்ட காலத்திலும் அதன் பின்னரும் இலங்கைத் தமிழர் பலர் சென்னையையும் சிதம்பரத்தையும் நாடினர். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற விபுலாநந்த அடிகளே மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்தவர்.

சிதம்பரத்தில் இன்னொரு நன்மையும் இருந்தது. அண்ணாமலைநகர் வளாகம் தொடர்வண்டி நிலையத்துக்கு மிக அருகில் உள்ளது. இறங்கிய மாணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே விடுதியை அடையலாம். சிக்கனப் பயணத்தில் நெடுந்தொலைவுக் கட்டணத்தைக் காட்டிலும் இறுதிச் சில கிலோமீட்டர்களே செலவைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு இது பழைய சான்று.

ஓர் இராமேசுவரம் மாணவரின் வழி

இக்கரையிலிருந்து படிக்கச் சென்ற மாணவர்களுள் உலகறிந்தவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். 1931-இல் இராமேசுவரத்தில் பிறந்த அவர், உயர்நிலைக் கல்விக்கு இராமநாதபுரத்தில் உள்ள சுவார்ட்ஸ் பள்ளிக்கும், 1950-இல் பட்டப்படிப்புக்குத் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரிக்கும், பின்னர் வானூர்திப் பொறியியல் பயில சென்னைக் குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. என்னும் மெட்ராஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கும் சென்றார். எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அவருடைய சகோதரி சொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து அத்தொகையைத் திரட்டித் தந்ததை அவர் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

போட் மெயிலோடு அவருக்கு இளமையிலேயே தொடர்பு ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் தொடர்வண்டி நிற்பது நிறுத்தப்பட்டது. செய்தித்தாள் கட்டுகள் ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்டன. அவற்றைப் பொறுக்கி எடுத்து வழங்கும் பணியில் தம் உறவினருக்கு உதவியதே கலாமின் முதல் சம்பாத்தியம்.

கலாம் படித்த மூன்று ஊர்களும் இருப்புப் பாதையில் அமைந்தவை. இராமேசுவரத்திலிருந்து சென்னை செல்லும் விரைவு வண்டியில் தாம்பரத்தில் இறங்கினால், புறநகர் மின்தொடரில் தாம்பரம் சானடோரியம், அதற்கடுத்துக் குரோம்பேட்டை. அந்நிலையத்தை ஒட்டியே எம்.ஐ.டி. வளாகம் இருக்கிறது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான இந்த மின்தொடர் 1931-ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கியது. 1949-இல் சி. இராஜம் எம்.ஐ.டி.யை நிறுவியபோது, மாணவர்களுக்கான மலிவான வழி வாசலிலேயே தயாராக இருந்தது.

1964: அறுந்த வழி

1964 டிசம்பர் 22 இரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணியர் தொடர்வண்டி கடலலையில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாம்பன் பாலமும் பெருஞ்சேதம் அடைந்தது. பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் அது செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடி மீண்டும் எழவில்லை.

அதன்பின் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு இராமானுஜம் என்னும் கப்பல் ஓடியது. இலங்கையின் இனமோதலைத் தொடர்ந்து 1984-இல் அச்சேவையும் நின்றது. எழுபது ஆண்டுகள் ஏதோ ஒரு வடிவில் இயங்கிவந்த கடல்வழி இவ்வாறு முடிவுற்றது.

வான்வழி இதற்கு முன்பே திறந்திருந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. ஆனால் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் போனவர் விமானச்சீட்டு வாங்கும் நிலையில் இல்லை. கப்பல் நின்றபோது கடல் தாண்டிய கல்விப் பயணம் வசதியுள்ளோர் கைக்குச் சென்றது. அவ்வாண்டுகளில் ஏழை இளைஞர்கள் இக்கரைக்கு வந்தது மாணவர்களாக அன்று, அகதிகளாகவே. தோட்டத் தொழிலாளர்களுக்காக எழுந்த மண்டபம் முகாம், போரிலிருந்து தப்பி வந்தவர்களின் இருப்பிடமாயிற்று.

பல்கலைக்கழகம் அருகில் வந்த காலம்

பயணச் செலவைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கட்டணத்தைக் குறைப்பது. மற்றொன்று தூரத்தைக் குறைப்பது. 1960-களுக்குப் பின் தமிழ்நாட்டில் இரண்டும் நிகழ்ந்தன.

1966-ஆம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அது காமராசர் பெயரைப் பெற்றது. 1982-இல் திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும், 1985-இல் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் அமைந்தன. கீழக்கரையில் முகமது சதக் பொறியியல் கல்லூரி 1984-இலும், பெண்களுக்கான தாசீம் பீவி அப்துல் காதர் கல்லூரி 1988-இலும் எழுந்தன. ஏர்வாடி மாணவிக்குப் பட்டப்படிப்பு பேருந்தில் சென்று மாலையில் வீடு திரும்பும் தொலைவுக்கு வந்தது.

பேருந்துகளை அரசு ஏற்று நடத்தியது இதற்குத் துணைசெய்தது. 1972-இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைக்கப்பட்டது. பின்னர் காரைக்குடியில் மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம் தனியாகப் பிரிந்தது. 1988 அக்டோபர் 2 அன்று பாம்பனில் அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் திறக்கப்பட்டதும், இராமேசுவரம் தீவு முதன்முறையாகப் பேருந்து வலைக்குள் வந்தது. அதுவரை தீவு மாணவர்கள் தொடர்வண்டியை அல்லது படகையே நம்பியிருந்தனர்.

ஏர்வாடிக்குப் பேருந்துகள் ஓடுவதற்குத் தர்காவே பெருங்காரணம். சந்தனக்கூடு விழாவுக்கும் நாள்தோறும் நேர்ச்சைக்கும் வருவோருக்காக ஓடும் வண்டியில் கல்லூரி மாணவர்களும் ஏறுகின்றனர். சேதுப் பாதைச் சத்திரம் போலவே இங்கும் யாத்திரிகர் வழி மாணவர் வழியாயிற்று.

சலுகைகளும் அவற்றின் எல்லையும்

மாணவர் பயணத்துக்கு அரசு அளிக்கும் உதவிகள் கணிசமானவை. அவற்றை அறிந்து வைத்திருப்பது பயன்தரும்.

பேருந்து: தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களுக்கும், அரசுக் கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கும் கட்டணமில்லா பஸ் பாஸ் வழங்கப்படுகிறது. தனியார் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டணத்தில் பாதி சலுகை உண்டு. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் அனைவரும் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். இத்திட்டம் 'விடியல் பயணம்' எனப் பெயர் பெற்றது.

தொடர்வண்டி: விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்களுக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பர் வகுப்பிலும் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இது 75 விழுக்காடு. கல்லூரித் தலைமையிடம் அதற்கான சான்றுப் படிவத்தைப் பெற்று, முன்பதிவு நிலையத்தில் நேரில் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றின்போது பல பிரிவினரின் கட்டணச் சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும், மாணவர், நோயாளி, மாற்றுத்திறனாளி சலுகைகள் தொடர்ந்தன.

விமானம்: இந்திய நிறுவனங்கள் சில, மாணவர் அடையாள அட்டை உடையோருக்குத் தனிக் கட்டணமும் கூடுதலாகப் 10 கிலோ சுமை எடுத்துச் செல்லும் வசதியும் தருகின்றன. புத்தகமும் போர்வையுமாக விடுதிக்குச் செல்பவருக்குக் கட்டணத் தள்ளுபடியை விடவும் இந்தச் சுமைச் சலுகை பெரிது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. பஸ் பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையிலான தடத்துக்கு மட்டுமே செல்லும். தொடர்வண்டிச் சலுகை சொந்த ஊருக்கும் கல்லூரி ஊருக்கும் இடையில் பொருந்தும். விமானச் சலுகை நிலைய வாசலோடு முடிந்துவிடும். விமான நிலைய வாசலிலிருந்து வளாக வாசல் வரையிலான தூரத்துக்கு எந்தச் சலுகையும் எழுதப்படவில்லை. அங்கே மாணவரைக் காப்பது பொதுவான பேருந்தும் மின்தொடருமே.

ஜெர்மனியில் இந்த இடைவெளியை வேறுவிதமாக அடைத்தனர். டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் தொடங்கிய 'செமஸ்டர் டிக்கெட்' முறையில், ஒவ்வொரு மாணவரும் பருவக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைச் செலுத்துகிறார். பிறகு அந்தப் பகுதியின் பேருந்து, தொடர்வண்டி அனைத்திலும் மாணவர் அட்டையைக் காட்டிப் பயணம் செய்யலாம். வீட்டுத் தடம், கல்லூரித் தடம் என்ற பிரிவினை அங்கில்லை. இம்முறை பின்னர் அந்நாட்டின் பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது.

மூன்று விமான நிலையங்கள்

இராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளியில் கடற்படையின் வான்தளம் உள்ளது. 2009-இல் அது ஐ.என்.எஸ். பருந்து எனப் பெயர் பெற்றது. ஆனால் அது பாதுகாப்புப் பணிக்கானது. மாணவர்கள் இறங்குவது பெரும்பாலும் பின்வரும் மூன்று நிலையங்களில்தான்.

திருச்சிராப்பள்ளி: செலவைக் கருதினால் மூன்றிலும் சிறந்த அமைப்புடையது இது. காரணம் எளிது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, தேவகோட்டை, தேவிபட்டினம் வழியாக இராமநாதபுரம் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே விமான நிலையம் அமைந்திருக்கிறது. வாசலுக்கு வெளியே வந்து சாலையில் நின்றால் புதுக்கோட்டைப் பேருந்து கிடைக்கும். அதே சாலையில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பல்கலைப்பேரூர் வளாகமும், அண்ணா பல்கலைக்கழகத்தின் திருச்சி வளாகமும் உள்ளன. இன்னும் தெற்கே காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம். சாலையின் இறுதியில் இராமநாதபுரம், அங்கிருந்து ஏர்வாடி. எதிர்த்திசையில் நகரப் பேருந்து ஏறினால் சத்திரம் பேருந்து நிலையத்தையும், அதன் அருகிலுள்ள தூய வளனார் கல்லூரியையும் அடையலாம். சத்திரம் என்னும் பெயர் அங்கும் தொடர்வது பொருத்தமே.

2018 ஜனவரியில் திருத்தி அமைக்கப்பட்ட கட்டணப்படி, புறநகர்ச் சாதாரணப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 காசும், விரைவுப் பேருந்துக்கு 75 காசும் விதிக்கப்பட்டன. நூறு கிலோமீட்டருக்கு 58 ரூபாய் என்னும் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் டாக்சி சொல்லும் தொகையை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

மதுரை: நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவில் உள்ளது. 2010 செப்டம்பரில் புதிய முனையம் திறக்கப்பட்டது. 2012-இல் கொழும்புக்கு நேரடி விமானம் தொடங்கியது. இங்கிருந்து ஏர்வாடி செல்ல முதலில் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்கு அல்லது மதுரைத் தொடர்வண்டிச் சந்திப்புக்கு வர வேண்டும். அங்கிருந்து மானாமதுரை, பரமக்குடி வழியாக இராமநாதபுரம். காமராசர் பல்கலைக்கழகத்தின் பல்கலைநகர் வளாகம் நகருக்கு மேற்கே தேனி சாலையில் இருப்பதால், நகருக்குள் வந்து வண்டி மாறியே செல்ல வேண்டும். தூரம் குறைவு என்றாலும் மாற்றங்கள் மிகுதி. பெட்டியுடன் வரும் மாணவர் ஆட்டோவை நாடுவது இதனால்தான்.

சென்னை: தூரத்தில் மிகத் தொலைவானது. ஆயினும் வளாகங்களை அடைவதில் மிக மலிவானது. விமான நிலையத்துக்கு எதிரே, பெருஞ்சாலையைக் கடந்தால் திரிசூலம் மின்தொடர் நிலையம். தெற்கு நோக்கிப் பல்லாவரத்துக்கு அடுத்த நிலையம் குரோம்பேட்டை, அதாவது எம்.ஐ.டி. வளாகம். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. வடக்கு நோக்கிச் சென்றால் கிண்டியில் இறங்கி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நகரப் பேருந்தில் செல்லலாம். மின்தொடரில் இரண்டாம் வகுப்பின் குறைந்த கட்டணம் 5 ரூபாய். விமான நிலைய மெட்ரோ 2016 செப்டம்பர் முதல் ஓடுகிறது. அது விரைவும் குளிர்சாதன வசதியும் உடையது. 1931-இல் தொடங்கிய மின்தொடரோ கட்டணத்தில் அதனிலும் குறைவு. வானூர்திப் பொறியியல் படிக்க வருபவர் விமானத்தில் இறங்கி, மிகக் குறைந்த சீட்டில் இரண்டாவது நிலையத்தில் வகுப்பறையை அடையும் வாய்ப்பு இந்தத் தடத்தில் இருக்கிறது.

ஊர் திரும்புவோருக்கும் இதே தடம் உதவும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் தொடர்வண்டிகள் நிறுத்தப்பட்டன. இராமேசுவரம் தீவு மாணவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மண்டபம் வரை பேருந்தில் வந்தே தொடர்வண்டி ஏற வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று செங்குத்தாக மேலெழும் நடுப்பகுதி கொண்ட புதிய பாலம் திறக்கப்பட்டது. அன்றே இராமேசுவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே புதிய விரைவு வண்டியும் தொடங்கியது. இவ்வண்டி சிதம்பரம், மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாகச் செல்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், அழகப்பா பல்கலைக்கழகம் மூன்றும் இதனால் ஒரே வண்டியில் இணைந்தன.

மீண்டும் கடல் தாண்டி

2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் பலாலி நிலையம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று மீண்டும் 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கியது. 2025 மார்ச் இறுதியில் திருச்சிராப்பள்ளிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேரடி விமானம் வந்தது.

இதன்படி யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் காலையில் விமானம் ஏறி, திருச்சியில் இறங்கி, வாசலில் பேருந்து பிடித்து, பல்கலைப்பேரூரில் இறங்கிவிட இயலும். தாமோதரம்பிள்ளை காலத்தில் பல நாட்கள் எடுத்த பயணம் இன்று அரை நாளுக்குள் அடங்குகிறது. எனினும் போட் மெயிலின் மூன்றாம் வகுப்புக்கு ஈடான மலிவு இன்னும் திரும்பவில்லை. விமானக் கட்டணம் பருவத்துக்கும் நாளுக்கும் ஏற்ப ஏறி இறங்குகிறது. கல்லூரி திறக்கும் மாதங்களில் அது உயர்ந்தே காணப்படும்.

கடைசிப் பேருந்து

வளைகுடா நாடுகளில் பெற்றோர் பணிபுரியும் குடும்பங்கள் ஏர்வாடி, கீழக்கரைப் பகுதியில் பல உள்ளன. அங்கே பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரிக்காகத் தமிழ்நாட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஊர் தெரியாது, பேருந்துத் தடம் தெரியாது. இரவு பத்து மணிக்கு விமானம் இறங்கினால், நகரப் பேருந்துகள் குறைந்துவிடும். பகலில் நூறு ரூபாய்க்குள் முடியும் பயணம் இரவில் பல மடங்காகிறது. கட்டணமில்லா நகரப் பேருந்து என்னும் உரிமை மாணவிக்கு இருந்தாலும், வண்டி ஓடாத நேரத்தில் அந்த உரிமையால் பயனில்லை. பெண் தனியே வர வேண்டும் என்ற அச்சத்தினாலேயே தொலைவிலுள்ள பல்கலைக்கழகத்தை வேண்டாம் என்று ஒதுக்கும் குடும்பங்களும் உண்டு.

ஆகவே சிக்கனப் பயணம் என்பது சீட்டு வாங்குவதற்கு முன்பே தொடங்குகிறது. பகலில் இறங்கும் விமானத்தைத் தேர்வது, நெடுஞ்சாலையோர நிலையத்தை விரும்புவது, கல்லூரிச் சான்றுப் படிவத்தைப் பருவத் தொடக்கத்திலேயே பெற்று வைப்பது, பெரிய பெட்டிக்குப் பதில் பேருந்தில் தூக்கி ஏற்றக்கூடிய இரண்டு சிறு பைகளாகப் பிரிப்பது ஆகியவை அனுபவமுள்ள மாணவர்கள் கடைப்பிடிக்கும் முறைகள். பல்கலைக்கழகங்கள் சேர்க்கை நாட்களில் மட்டுமாவது விமான நிலையத்துக்கும் தொடர்வண்டி நிலையத்துக்கும் தம் பேருந்தை அனுப்பினால், புதிதாக வரும் மாணவரின் முதல் இரவு எளிதாகும்.

சேதுப் பாதையில் நடந்தவர்க்கு அடுத்த சத்திரம் எங்கே என்பது தெரிந்திருந்தது. தனுஷ்கோடியில் கப்பல் இறங்கியவர்க்குத் தொடர்வண்டி காத்திருந்தது. ஒரு வழியின் முடிவும் அடுத்த வழியின் தொடக்கமும் ஒரே இடத்தில் அமைந்திருந்ததே அவற்றின் சிறப்பு. திரிசூலத்திலும் திருச்சி நெடுஞ்சாலையிலும் அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. மதுரையிலும் இராமநாதபுரத்திலும் அது இன்னும் முழுமை பெறவில்லை. இராமநாதபுரத்தில் இரவு வண்டியிலிருந்து இறங்கும் ஏர்வாடி மாணவிக்கு, மீதமுள்ள 25 கிலோமீட்டருக்கு ஒரு பேருந்து நிற்குமானால், அவள் எட்டக்கூடிய பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கை அன்றே கூடிவிடும்.